கெலிஓயாவில் மங்காத நட்சத்திரம்

இதை வாசிக்க அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

தங்களுக்கு என் வணக்கம். கண்டியை அண்டிய ஒரு பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பகுதியில் தொழில்நுட்ப உதவியாளனாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் நான். பெயர் முத்தையா. அண்மையில் அப்பகுதியின் இளம் உத்தியோகத்தர் சிலர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அடுத்த நட்சத்திர மறைப்பின்போது எல்லா நிலையங்களின் பதிவுகளையும் உடனுக்குடன் ஒரே திரையில், தத்தம் கைத்தொலைபேசியிலேயே எல்லோரும் பார்க்கும்படி ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார்கள். "முந்தியெல்லாம் நீங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசவே மாட்டீங்களாமே, ஏன் அங்கிள்?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். தேநீர் கொடுத்து அனுப்பினேன், பதில் கொடுக்கவில்லை. வாசற்படியில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அது அன்று. ஆகவே எழுதுகிறேன்.

ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தேன். சாதாரண தரப் பரீட்சைக்கு மேல் படிக்க வாய்க்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டறைக்குத் தொழிலாளியாக வந்து, கடைசல் இயந்திரம் பழகி, பின்பு கண்ணாடிகளையும் வில்லைகளையும் கையாளப் பழகி, ஆங்கிலக் கைந்நூல்களை அகராதியின் துணையோடு வாசித்து, தொலைகாட்டிகளுக்குப் பொறுப்பாளனானேன். என் இளமை இந்தச் சில வரிகளுக்குள் அடங்கிவிடும். நீட்டுவதற்கு அதில் அதிகமில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. நெப்டியூனுக்கும் அப்பால், சூரியனின் ஒளி போய்ச் சேரவே பல மணித்தியாலங்கள் எடுக்கும் தூரத்தில், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு உலகங்கள் உண்டு. அவற்றுக்குப் பெயர் சூட்டப்படவில்லை, எண் மட்டுமே. நாங்கள் 'சோடி' என்போம். வெளிநாட்டார் மிகப் பெரிய தொலைகாட்டிகளால் பல வருடங்கள் பின்தொடர்ந்து, இரண்டும் சுற்றும் பாதையை வரைந்திருந்தார்கள். பாதையின் அளவும் ஒரு சுற்றுக்கு எடுக்கும் காலமும் தெரிந்தால் சோடியின் திணிவும், அதாவது அதில் அடங்கிய பொருளின் அளவும், அதில் ஒவ்வொன்றின் பங்கும் கணக்கில் வந்துவிடும். பருமன்தான் வரவில்லை. அவ்வளவு தூரத்தில் எதுவுமே ஒரு புள்ளி. பெரிய கரிய பொருளும் சிறிய வெளிறிய பொருளும் ஒரே அளவு ஒளியைத்தான் அனுப்பும். பருமன் தெரியாவிட்டால் அடர்த்தி தெரியாது. அடர்த்தி தெரியாவிட்டால் அது பாறையா, பனிக்கட்டியா, உள்ளே வெற்றிடம் மலிந்த பனிக்குவியலா என்று சொல்ல ஒருவராலும் இயலாது.

அதற்கு வழி ஒன்று உண்டு. அப்பொருள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்தால், அதன் நிழல் பூமியின் மீது ஓடும். நிழலின் அகலமே பொருளின் அகலம். நிழல் கடக்கும் இடத்தில் நிற்பவருக்கு நட்சத்திரம் சில விநாடிகள் அணைந்து மீண்டும் எரியும். இதையே மறைப்பு என்கிறோம்.

இந்தச் சோடியின் அடர்த்தியைக் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வாக எடுத்திருந்தவர் ரிஸ்னா என்னும் விரிவுரையாளர். கெலிஓயாவில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஹனிபா ஹாஜியாரின் மூத்த மகள். ஆய்வின் ஏனைய அத்தியாயங்கள் முடிந்து, பருமன் ஒன்றே எஞ்சி நின்றது. அவரது மாணவப் பதிவுக் காலத்துக்குக் கடைசி நீட்டிப்பும் கொடுத்தாயிற்று. இனி இல்லை என்று பீடம் சொல்லிவிட்டது. அந்நிலையில்தான் ஒரு மறைப்பு வந்தது. சோடியில் பெரியதன் நிழல் தெற்கே கடலில் விழும். அதன் சிறிய துணையின் நிழல் எங்கள் மலைநாட்டைத் தொடக்கூடும் என்று கணித்திருந்தார்கள். தொடும் என்றல்ல, தொடக்கூடும் என்று. தவறினால், இத்தீவிலிருந்து பார்க்கத்தக்க அடுத்த வாய்ப்பு ரிஸ்னாவின் பதிவுக் காலத்துக்குள் இல்லை.

எங்கள் தலைவர் பேராசிரியர் தவமலர் அம்மையார் யாழ்ப்பாணத்தவர். நாங்கள் 'மெடம்' என்போம். அவர் குரலை உயர்த்திப் பேசியதை நான் கேட்டதில்லை. ஏதேனும் பிடிக்காவிட்டால், ஏற்கெனவே சுத்தமாயிருக்கும் கரும்பலகையை எழுந்து மறுபடி துடைப்பார். அவர் துடைப்பதைக் கண்டாலே நாங்கள் எங்கள் தாள்களை மறுபடி புரட்டத் தொடங்குவோம். எவர் அறிக்கை கொடுத்தாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "இது நடந்ததெண்டு சொல்லுறீங்கள், சரி. நடக்காமலே இப்பிடித் தெரியிறதுக்கு வேற என்ன வழி இருக்கு?" அதற்குப் பதில் எழுதப்படாத அறிக்கையை அவர் கையாலும் தொடமாட்டார்.

அவர் விதித்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. மறைப்பு முடிந்ததிலிருந்து தன் அறிக்கையை மெடத்தின் கையில் கொடுக்கும்வரை, ஒரு நிலையத்தார் மற்ற நிலையத்தாரோடு பேசக் கூடாது. தாம் கண்டதை வீட்டாரிடமும் வெளியிடக் கூடாது. அலுவலகத்தில் இதை 'மௌன விரதம்' என்று பரிகசிப்பார்கள். இவ்வழக்கம் பிறந்தது கடுகண்ணாவையில். சோடியின் மறைப்புக்குச் சில வருடங்களுக்கு முன், வேறொரு பொருளின் மறைப்பை அங்கும் கண்டியிலுமாக இரண்டு நிலையங்களில் பார்த்தோம். இரண்டு உதவி விரிவுரையாளர்கள் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே பார்த்தார்கள். கடுகண்ணாவையில் இருந்தவர் "போயிட்டு! போயிட்டு!" என்று கத்தினார். கண்டியில் இருந்தவர் "ஓமோம், எனக்கும் போச்சு" என்றார். இரண்டு அறிக்கைகளும் வெளிநாட்டுக்குப் போயின. பிறகு பதிவுகளைப் படச்சட்டம் படச்சட்டமாகப் பிரித்துப் பார்த்தபோது, கடுகண்ணாவையில் ஒரு முகில் துண்டு கடந்திருந்தது. கண்டியிலோ எதுவுமே நடக்கவில்லை, நட்சத்திரம் ஒரு கணமும் மங்கவில்லை. காதில் விழுந்ததை அவர் கண் கண்டிருக்கிறது. பொய் சொல்லும் மனிதர் அல்லர் அவர். மெடம் தன் பெயரால் அனுப்பியதைத் தன் பெயராலேயே மீட்டுக்கொண்டார். அன்று அவர் கரும்பலகையைத் துடைத்த நேரத்தை நான் மறக்கவில்லை.

சோடியின் மறைப்பு நோன்பு மாதத்தில், நோன்பு திறந்து இருள் கவிந்த பிறகு, இரவின் இஷாத் தொழுகைக்கு முன் வந்தது. இரண்டு நிலையங்கள் அமைத்தோம். ரிஸ்னா குண்டசாலையில் ஒரு திறந்த வெளியில், துணைக்குத் தன் தாயாரோடு. நான் கெலிஓயாவில் ஹனிபா ஹாஜியார் வீட்டு மொட்டை மாடியில். எனக்குத் தொந்தரவாக ஒரு விளக்கும் எரியக் கூடாது என்று ஹாஜியார் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கவே ஏற்பாடு செய்திருந்தார். நோன்பு திறந்ததும் வீட்டருகே ஒடுங்கிச் செல்லும் அந்த ஒழுங்கை முழுவதும் மாடி விளக்குகள் அணைந்தன. இப்படியோர் உதவியை நான் வேறெங்கும் பெற்றதில்லை.

ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியை என் பக்கத்தில் வைத்துவிட்டு ஹாஜியார் கேட்டார்: "நாங்க வயித்துக்கு நோன்பு. நீங்க வாய்க்கு நோன்பா, முத்தையாண்ணே?"

"உங்க நோன்பு திறந்தாச்சுங்க ஹாஜியார். எங்க நோன்பு இனிமேதாங்க ஆரம்பம்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தொலைகாட்டியின் மூன்று கால்களுக்கும் கீழே தடித்த இறப்பர்த் துண்டுகளை வைத்து, வட துருவத் திசைக்கு நேராக்கி, வரைபடத்திலுள்ள ஒரு சிறு முக்கோணத்தைப் பிடித்துக்கொண்டு நட்சத்திரத்தைத் தேடினேன். அது வெறுங்கண்ணுக்கு அகப்படாதது. பிடித்த பின்பும் நம்பாமல், வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி தேடிப் பிடித்தேன். ஒளிப்பதிவின் ஒவ்வொரு சட்டத்திலும் செய்மதி தரும் துல்லிய நேரம் பதிகிறதா என்று பார்த்தேன். குறித்த நேரத்துக்கு வெகு முன்னரே பதிவைத் தொடங்கிவிட்டேன். அதன் பிறகு நம் கை எதையும் தொடக் கூடாது. பார்ப்பதுதான் வேலை.

வானம் துலக்கமாயிருந்தது. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. துலக்கமான வானத்தில் தவறினால் காரணம் சொல்ல முகிலும் இல்லை.

"ஹாஜியார், தயவு செஞ்சு ஒரே எடத்துல நில்லுங்க. மாடிச் சிலெப் ஆடுது."

"சரி, சரி. நான் நிக்கிறன்."

நின்றார். ஆனால் குறித்த நேரம் நெருங்கியதும், தஸ்பீஹ் மணியை உருட்டியபடி, தன்னையறியாமலேயே தண்ணீர்த் தாங்கிப் பக்கமாக நடக்கத் தொடங்கிவிட்டார். திரையில் நட்சத்திரம் ஒரு கணம் நடுங்கிப் பரந்தது. நான் கையை உயர்த்த, அவர் உறைந்து நின்றார். நட்சத்திரம் மறுபடி குவிந்து புள்ளியானது. குறித்த நேரம் வந்தது. கடந்தது. நட்சத்திரம் எரிந்துகொண்டே இருந்தது.

கணிப்பில் பிழை இருக்கலாம் என்பதால் இன்னும் வெகுநேரம் பதிவை ஓடவிட்டேன். அது எரிந்துகொண்டேதான் இருந்தது. ஒரு பெண்ணின் பல வருட உழைப்பு என் கண் முன்னால், மங்காத ஒரு நட்சத்திரத்தின் வடிவில் முடிந்துபோவதாக நினைத்தேன்.

"விழுந்திச்சாண்ணே, நிழல்?"

"சொல்லக் கூடாதுங்க ஹாஜியார்."

"நான் என்ன வெளியாளா? என்ட புள்ளட விசயம் இது."

"அதனாலதாங்க சொல்லக் கூடாது."

"உங்கட மொகத்தப் பாத்தா மய்யத்து கெடக்கிற வூட்டுல உக்காந்து ஈக்கிற மாதிரி ஈக்கு. இதுக்கு மேல என்ன சொல்ல ஈக்கு?" என்றார் கோபமாக. பிறகு குரல் இறங்கியது. "அண்ணே, நான் நடந்தேனே. அதாலயா? அதால பழுதாப் போச்சா?"

ஐயா, அம்மையீர், அவருக்கு 'இல்லை' என்ற ஒரு சொல்லைக்கூட நான் கொடுக்க முடியவில்லை. 'உங்களால் இல்லை' என்றால், பழுதாகியிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் மனைவிக்குத் தொலைபேசி எடுப்பார். தாயின் முகத்திலிருந்து மகள் படித்துவிடுவாள். ஆகவே பெட்டிகளைக் கட்டினேன். அவர் என்னைத் தெருவரை வந்து வழியனுப்பினார். கஞ்சியை நான் தொடவில்லை என்பதை வீட்டுக்குப் போன பிறகுதான் உணர்ந்தேன்.

மறுநாள் காலை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'மங்கவில்லை' என்று எழுதிவிட்டு, மெடத்தின் கேள்விக்கு வந்தேன். நட்சத்திரம் மங்கியும் நான் காணாமலிருக்க வேறென்ன வழி? தவறான நட்சத்திரத்தைப் பார்த்திருக்கலாம். படச்சட்டத்தை மறுபடியும் வரைபடத்தோடு ஒப்பிட்டேன், சரியானதுதான். ஹாஜியார் நடந்தபோது மறைப்பு நிகழ்ந்திருக்கலாம். அந்தச் சட்டங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒளி பரந்திருந்ததே தவிர, கூட்டிப் பார்த்தால் குறைந்திருக்கவில்லை. பார்த்து முடித்து, நம்பாமல், முதலிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. ரிஸ்னா.

"அங்கிள், ரிப்போட் குடுக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் ஈக்கு. ஒரே ஒரு சொல்லு."

"பேசக் கூடாதும்மா. போனை வைம்மா."

"எனக்கு மங்கிச்சு அங்கிள். போய்ட்டுத் திரும்ப வந்திச்சு. ஆனா ஆத்துப் பக்கமீந்து பனி மூடலும் வந்துக்கிட்டே ஈந்திச்சு. நெசம்னு எழுதினா பொய்யாகுமா, மூடல்னு எழுதினா பொய்யாகுமாண்டு எனக்கு விளங்குதில்ல. நீங்க கண்டீங்களா, இல்லியா? அது மட்டும்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

அப்போது என் மனத்தில் ஓடியதை உள்ளபடி எழுதுகிறேன். குண்டசாலையும் கெலிஓயாவும் கண்டிக்கு இருபுறமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். எந்தக் கணிப்பின்படியும் வரவிருந்த நிழலோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் போலப் பல மடங்கு அகலமானது. அங்கே விழுந்த நிழல் இங்கே விழாமல் எப்படிப் போகும்? என் வானம் துலக்கம், என் பதிவு சுத்தம், எனக்கு மங்கவில்லை. ஆகவே அவர் கண்டது மகாவலி ஆற்றின் மூடுபனி. இதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இந்தப் பிள்ளை மூடுபனியை நிழலென்று எழுதிக் கொடுத்து, கடுகண்ணாவையில் நடந்தது மறுபடியும் நடக்கப் போகிறது, இம்முறை அவர் பெயரில், பட்டம் பெறும் வாசலில் வைத்து. நான் ஒரு சொல் சொன்னால் போதும், காப்பாற்றிவிடலாம். சொல்லாவிட்டால், கண்ணெதிரே ஒருவர் பள்ளத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு ஒப்பாகும்.

"என்னால முடியாதும்மா," என்றேன்.

"நீங்களும் மெடத்தைப் போலயே ஆயிட்டீங்க அங்கிள்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அதன் பிறகு மெடத்தின் அறைக்குப் போய்ச் சேரும்வரை நான் அடைந்த கலக்கத்தை விவரிக்க மாட்டேன். பேருந்தில் இருமுறை தொலைபேசியைக் கையில் எடுத்து, இருமுறையும் சட்டைப் பைக்குள் போட்டேன் என்பது மட்டும் போதும்.

ஹாஜியார் மகளைத் தன் வாகனத்தில் அழைத்து வந்து, அறைக்கு வெளியே மர வாங்கில் அமர்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே மெடம் இரண்டு அறிக்கைகளையும் பெற்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எழுந்து கரும்பலகையைத் துடைத்தார். பிறகுதான் இரண்டையும் பக்கம் பக்கமாக மேசையில் விரித்து, எங்களையும் பார்க்கச் சொன்னார்.

ரிஸ்னா என் அறிக்கையின் முதல் சொல்லைப் படித்ததும் தன் அறிக்கையை எடுக்கக் கை நீட்டினார். "அங்கிளுக்கு மங்கல்லியா? அப்ப எனக்குத் தெரிஞ்சது மூடல் தானே, மெடம். நான் அதை வாபஸ் எடுக்கிறன்."

"பொறுங்கோ பிள்ளை. உங்கட படத்தில பக்கத்து நட்சத்திரங்களும் இருக்குதுதானே? அதுகள் எவ்வளவு மங்கினது?"

"கொஞ்சம். கால்வாசியும் இல்ல."

"உங்கட நட்சத்திரம்?"

"இல்லாமலே போச்சு."

"அப்ப, மூடுபனி ஒரு நட்சத்திரத்தை மட்டும் தேடிப் பிடிச்சு மூடுமோ?"

மெடம் என் பக்கம் திரும்பினார். "முத்தையா, உங்கட சிலெப் ஆடேக்க?"

"படம் பரவுச்சுங்க மெடம். ஒளி கொறையல. தனித்தனியாப் பாத்துட்டேன்."

அவர் பலகையில், நிழல் ஓடிய திசையில், இரண்டு இணைகோடுகள் கீறினார். மேலேயுள்ளது குண்டசாலை, கீழேயுள்ளது கெலிஓயா. ரிஸ்னாவின் நட்சத்திரம் அணைந்திருந்த விநாடிகளை நிழலின் வேகத்தால் பெருக்கி, அந்த நீளத்தை மேல்கோட்டில் தடிப்பாக வரைந்தார். "இந்தத் துண்டின்ர ரெண்டு முனையாலும் போற வட்டம் ஒண்டு கீறுங்கோ," என்றார். ரிஸ்னா சிறியதாக ஒன்று கீறினார். வட்டத்தின் வயிறு கீழ்க்கோட்டைத் தாண்டி இறங்கியது.

"இவ்வளவு சின்னனெண்டால் கெலிஓயாவையும் மூடியிருக்கும். மூடேல்லை. இன்னும் பெரிசாக் கீறுங்கோ."

பெரியது கீறினார், அதுவும் தாண்டியது. அதைவிடப் பெரியது. வட்டம் பெருக்கப் பெருக்க அதன் கீழ் விளிம்பு தட்டையாகி, மேல்கோட்டை மட்டும் உரசிக்கொண்டு, கீழ்க்கோட்டைத் தொடாமல் நின்றது. அதன் பெரும்பகுதி பலகையின் வடக்கே, சட்டகத்துக்கு வெளியே போய்விட்டிருந்தது.

ரிஸ்னாவின் கை நின்றுவிட்டது. "இவ்வளவு பெரிசா?"

"குறைஞ்சது இவ்வளவு பெரிசு. திணிவு எங்களுக்குத் தெரியும். பருமன் கூடினால்?"

"அடர்த்தி கொறையும். தண்ணீரை விடவும் கொறவு." அவர் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். "அப்ப அது பாறை இல்ல. உள்ளுக்கு வெத்திடம் ஈக்கிற பனி."

"ஓம். விளிம்பு உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவால போயிருக்கு. உங்கட பதிவு மட்டும் இருந்தால் இதைச் சொல்லேலாது. முத்தையாட பதிவு மட்டும் இருந்தால் ஒண்டுமே சொல்லேலாது." மெடம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இப்ப சந்தோசப்பட வேண்டாம். அந்த நேரம் துணை உண்மையில எங்க நிண்டதெண்டு சுற்றுப்பாதை பாக்கிற ஆக்களிட்டக் கேட்பம். அவைக்கும் எங்கட முடிவைச் சொல்லாமல்தான்."

வெளியே வந்து ஹாஜியாரின் பக்கத்தில் அமர்ந்தேன். "நீங்க நடந்ததால ஒண்ணும் பழுதாகலீங்க. நேத்தே சொல்ல முடியல, மன்னிச்சுக்கங்க." அவர் தன் முகத்தை என் பக்கம் திருப்பினார். "ராத்திரி முழுக்க நான் தூங்கல்லண்ணே," என்றார். "நானும்தாங்க," என்றேன்.

வெளிநாட்டிலிருந்து பதில் வரப் பல வாரங்கள் எடுத்தன. அந்த வாரங்களில் ரிஸ்னா என்னோடு அதிகம் பேசவில்லை. கோபத்தால் அல்ல, பேச்சை எடுத்தால் அச்சமும் கூடவே வரும் என்பதால். பதில் வந்தது. அவர்கள் வரைந்த பாதையின்படி அந்நேரம் துணை நின்றிருக்க வேண்டிய இடமும், எங்கள் பலகையில் வட்டம் நின்ற இடமும் ஒத்துப் போயின. ஆய்வு ஏற்கப்பட்டது. தேர்வாளர் இன்னும் பலமான சான்று வேண்டும் என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தார், அது நியாயமானதே.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ரிஸ்னா வீட்டுக்கு வந்தார். பேச்சுக்கிடையே கேட்டார்: "அங்கிள், அண்டைக்கு நான் போன் எடுத்த நேரம் உங்கட மனசுல என்ன ஈந்திச்சு? நெசத்தைச் சொல்லுங்க."

"'அது மூடல்தாம்மா, எழுதாதே'ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு."

அவர், "நீங்க சொல்லீந்தா நான் நம்பியிருப்பேன் அங்கிள். அழிச்சும் இருப்பேன்," என்றார்.

ஐயா, அம்மையீர், அன்று என்னிடமிருந்தது பொய் அல்ல. என் நட்சத்திரம் மங்கவில்லை என்பது முழு உண்மை. அதை அன்பினால், அவரைக் காப்பாற்றவே சொல்லியிருப்பேன். அந்த உண்மையைக் கேட்டு அவர் தன் உண்மையைத் தன் கையாலேயே அழித்திருப்பார். அழித்தது ஒருவருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும்கூட.

புதிய ஏற்பாட்டில் எல்லோரும் எல்லோருடைய திரையையும் பார்க்கலாம் என்கிறார்கள். அது வசதியாக இருக்கலாம். தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்களே. அடுத்த முறை தொலைகாட்டியை வெளியே எடுப்பவர் கண்ணில் படும்படி, இக்கட்டுரையை அதன் அலுமாரியில் வைத்துப் பாதுகாக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.